எந்த சாயாங்?

போன வெள்ளிக்கிழமை எனக்குப் பிரியாவிடை என்று சொல்லி நீங்கள் எல்லாரும் என்னைக் கேக் வெட்ட வைத்தீர்கள். கேக் மேல் ஒரு தொட்டில் படம் வேறு. நான் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்ட நேரம் பார்த்து, உங்களில் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெயரைச் சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும்.

“சாயாங்லா டீச்சர். அந்தக் காலத்திலயே ஃபார்ம் ஃபைவ் பாஸ் பண்ணவங்க நீங்க. எங்கயோ போயிருக்கலாம்” என்றாள்.

வாயில் கேக் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குள் உள்ளே நான்கு பிள்ளைகள் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ள, எல்லாரும் எழுந்து ஓடினோம். நம் தாஸ்காவில், இந்தப் பிள்ளைக் காப்பகத்தில், யார் எந்தப் பேச்சை முழுதாகப் பேசி முடித்திருக்கிறோம்? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு வந்தவர்களுக்குப் பாதிப் பேச்சுதான் எழுதி வைத்திருக்கிறது. அதனால் இதை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. அவளுக்கு மட்டும் இல்லை. வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, அது வரும்வரை இங்கே இருப்போம் என்று வந்து, இருப்பதா போவதா என்று மனசு தள்ளாடிக்கொண்டிருக்கிற உங்கள் எல்லாருக்கும்தான்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாயாங் என்பதை மலாய்க்காரர்களிடமிருந்து வாங்கி நாம் வாய்நிறையப் பேசுகிறோம். மீந்த சோற்றைக் கொட்டும்போதும் சாயாங், பிள்ளையைக் கொஞ்சும்போதும் சாயாங். வீணாகப் போய்விட்டதே என்பதும் அதுதான், அன்பு என்பதும் அதுதான். எது எந்த சாயாங் என்று சொல்கிறவரின் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு ஒரு குரல் ரொம்ப வருஷம் பிடிபடவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது குருணுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே பள்ளிப் படிப்பை ஃபார்ம் ஃபைவ் வரை முடித்த முதல் பெண்பிள்ளை நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், சொன்னால் என்ன. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். அப்பாவுக்கு வாயில் சொல் குறைவு. கூட வெட்டிய மலாய்க்காரர்களோடு பழகிப் பழகி, இருக்கிற கொஞ்சம் சொல்லிலும் பாதி மலாய். சரி என்பதற்கு “போலே”. போதும், விடு என்பதற்கு “சூடா”. மனசு வருத்தப்பட்டால் “சாயாங்லா”. இந்த மூன்றை வைத்துக்கொண்டே அவர் ஒரு குடும்பத்தை நடத்திவிட்டார்.

அப்பாவுக்கு ஒரே ஓர் ஆசை. நான் மிஸ்ஸியாக வேண்டும். நர்ஸை அப்போது யாரும் நர்ஸ் என்று சொன்னதில்லை, மிஸ்ஸிதான். ரப்பர் பால் துணியில் பட்டால் கறுத்துப்போகும், எந்தச் சோப்புக்கும் போகாது. அப்பாவிடம் கறை இல்லாத சட்டை என்று ஒன்று கிடையாது. தைப்பூசத்துக்குப் போட்டுக்கொள்கிற சட்டையிலும் எப்படியோ ஒரு கறுப்புப் பொட்டு வந்துவிடும்.

“ஒன்ன வெள்ள உடுப்புல பாத்தாப் போதும் பாப்பா” என்பார். “வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

பரீட்சை முடிவு வந்த வாரமே குருணுக்குப் போய், மிஸ்ஸிகள் காலில் போடுகிற வெள்ளைச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எந்த ஆஸ்பத்திரியும் என்னைக் கூப்பிடவில்லை, எங்கேயும் இன்னும் எழுதிக்கூடப் போடவில்லை, சப்பாத்து மட்டும் அலமாரி மேல் தயாராக இருந்தது. “புள்ள பொறக்கறதுக்கு முந்தியே பேரு வைக்கிற ஆளு” என்று அம்மா சிரித்தார்.

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவரை டிரெசர் என்போம். டாக்டர் எப்போதாவது வந்து போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அவர்தான். நல்ல மனுஷன். நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மிஸ்ஸி படிப்புக்கு ஆள் எடுக்கும்வரை ஆயாக் கொட்டாயில் போய் உதவியாக இரு என்று சேர்த்துவிட்டார்.

ஆயாக் கொட்டாய் என்றால் இன்றைய தாஸ்காதான், ஏர்கண்டிஷன் இல்லாமல், பொம்மை இல்லாமல். பாதிச் சுவர், மேலே தகரம், உத்தரத்தில் வரிசையாகத் தொட்டில்கள். பெண்கள் இருட்டோடு வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைத் தூக்கத்திலேயே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். பெரிய ஆயா என்று ஒருவர் இருந்தார். அவர் தாலாட்டுப் பாடினால் தூங்குகிற பிள்ளையும் விழித்துக்கொள்ளும், அப்படிப்பட்ட தொண்டை. நானும் அவரும்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும்.

ஒவ்வொரு தாயும் தன் பழைய சேலையைக் கொண்டுவந்து தன் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவது வழக்கம். கட்டிக்கொண்டு பால் வெட்டிய சேலை, நைந்துபோன பிறகு தொட்டிலுக்கு வரும். மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற பாலை ஒட்டுப்பால் என்போம். அதைச் சுரண்டிச் சாக்கில் போட்டு வைத்தால் நாறுகிற நாற்றம் இருக்கிறதே, அது சேலையில் ஏறி, கொட்டாய் முழுக்க அதே வாடை. முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வேலை பார்த்தேன். ஃபார்ம் ஃபைவ் படித்த மூக்கு அல்லவா.

ஒருநாள் டிரெசர் வேகமாக வந்தார்.

“பொண்ணே, அலோர் ஸ்டார்லேருந்து பெரிய மிஸ்ஸி நாளைக்கு வராங்க. கொட்டாயப் பாக்க. ஒன்னப் பத்தி ஏற்கெனவே அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். இடம் ஆஸ்பத்திரி மாதிரி பளிச்சுன்னு இருக்கணும். அவங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அடுத்த தடவ ஆள் எடுக்கறப்ப நீ உள்ள.”

புது வெள்ளைத் துணி கொடுத்தார். நானும் பெரிய ஆயாவும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினோம். சேலைகளையெல்லாம் அவிழ்த்து, பெரிய டிரம்மில் மருந்துச் சோப்புப் போட்டு வேகவைத்தோம். எல்லாத் தொட்டிலும் வெள்ளைத் துணியில் கட்டினோம். தரையை டெட்டால் ஊற்றிக் கழுவினோம். அழுக்குத் துணியோடு யாரும் கொட்டாய்க்குள் வரக்கூடாது, தேத்தண்ணி நேரத்தில் பால் கொடுக்க வருகிற தாய்மாரும் அன்றைக்கு ஒருநாள் வரவேண்டாம், புட்டிப்பால் போதும் என்று டிரெசர் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். பால்மரக் காட்டுக்கு நடுவில் அவ்வளவு வெள்ளையாக ஒரு இடத்தை நான் பார்த்ததே இல்லை. அப்பாவும் வந்து பாதிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் எனக்கு மட்டும் முட்டை.

மறுநாள் காலை தாய்மார் பிள்ளைகளை இருட்டில் கொண்டுவந்து வெள்ளைத் தொட்டில்களில் போட்டுவிட்டுப் போனார்கள். முதலில் ஒன்று முனகியது. பிறகு இரண்டு. சூரியன் வருவதற்குள் ஒரு தொட்டில் பாக்கி இல்லை. சாதாரண அழுகை இல்லை அது. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு, முகம் நீலம் பாரித்துப்போகிற அழுகை. பால் கலக்கிக் கொடுத்தால் குடித்துவிட்டு அழுதார்கள். தூக்கி வைத்துக்கொண்டால் அழுதார்கள். பெரிய ஆயா பாடிப் பார்த்தார், இன்னும் மோசமாகப் போயிற்று. ஒரு பிள்ளைக்கு அழுது அழுது வாந்தி வந்துவிட்டது. பெரிய மிஸ்ஸி பத்து மணிக்கு மேல் வருவதாகப் பேச்சு.

இதில் ரொம்பப் பயமுறுத்தியவன் லெட்சுமி அக்காவின் மகன். குண்டு என்று கூப்பிடுவோம், ஆள் எலும்பும் தோலுமாக இருப்பான். அழுதால் மூச்சுப் பிடித்துக்கொள்ளும் அவனுக்கு. தேத்தண்ணி நேரத்தில், மரம் வெட்டி முடித்துப் பால் வடிவதற்காக எல்லாரும் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பார்கள். லெட்சுமி அக்காவால் அங்கே உட்கார முடியவில்லை. அழுகை அங்கேவரை கேட்டிருக்கிறது. உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு இருப்பதால், அவர் பாதிச் சுவருக்கு வெளியே வந்து, பிள்ளை கண்ணில் படாமல் ஒதுங்கி நின்றார். ஒரு சத்தம் போடவில்லை. எனக்கே அவர் வந்தது தெரியாது.

தெரியவந்தது எப்படி என்றால், குண்டு திடீரென்று அழுகையை நிறுத்தினான். தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். நானும் திரும்பிப் பார்த்தேன். அதே நேரம் காற்றில் அந்த ஒட்டுப்பால் வாடை என் மூக்குக்கும் வந்தது. பார்த்துவிட்டேனே என்று லெட்சுமி அக்கா பயந்துபோய் நகர்ந்தார். குண்டு மறுபடியும் வீறிட்டான்.

“அக்கா, போவாதீங்க. அந்தத் தலத்துணியக் கழட்டுங்க” என்றேன்.

“எதுக்குடி?”

“கழட்டுங்கக்கா.”

கொசுவுக்கும் பனிக்கும் தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற துணி. பால்கறை ஏறிப் பலகையாக விறைத்திருந்தது. அதை வாங்கிக் குண்டுவின் கன்னத்துப் பக்கம் வைத்தேன். இரண்டு கையாலும் இழுத்து மூக்கோடு வைத்துக்கொண்டான். இரண்டு விக்கல். அப்புறம் தூங்கிவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் லெட்சுமி அக்கா அழுதுகொண்டிருந்தார்.

பிள்ளைகளைப் பெரிய ஆயாவிடம் விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். தாய்மாரெல்லாம் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் தலைத்துணியையும் கேட்டேன்.

“மிஸ்ஸியாவப் போறவளுக்கு எங்க நாத்தத் துணி எதுக்குடி?” என்று ஒருத்தி கேட்டாள்.

“நேத்து வேணாம்னு தொரத்துன, இன்னிக்கு வேணுமா?” என்றாள் இன்னொருத்தி. கேலிதான், ஆனால் உள்ளே கோபமும் இருந்தது. அவர்கள் பிள்ளைகள் காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கின்றன, கோபம் இல்லாமல் இருக்குமா?

“நம்ப புள்ளைங்களுக்குத்தானே கேக்கறா, குடுங்கடி” என்று அங்கே நின்ற என் அம்மா ஒரு அதட்டல் போட்டார். துணிகள் வந்தன. எது யாருடையது என்று மாறிவிடக்கூடாதே என்று தொட்டில் வரிசைப்படியே கை மேல் அடுக்கிக்கொண்டு ஓடிவந்தேன். அப்படியும் இரண்டு மாறிப்போய், அந்த இரண்டு மட்டும் கத்தின. மாற்றி வைத்ததும் அடங்கின. ஒன்று அடங்க அடுத்தது, அது அடங்க அதற்கடுத்தது. கடைசிப் பிள்ளையும் தூங்கியபோது தகரத்தில் பல்லி நகர்கிற சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்து டிரெசர் வந்தார். வெள்ளைத் தொட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புக் கந்தல். அவருக்கு முகம் செத்துவிட்டது.

“என்னா காரியம் பண்ணி வெச்சிருக்க. கார் தோட்டத்து வாசல்கிட்ட வந்தாச்சு. எடு, எல்லாத்தயும் எடு.”

“எடுத்தா முழிச்சுக்கும் டிரெசர்.”

“முழிக்கட்டும். புள்ள அழுவறது தப்பில்ல, இது தப்பு. ஒரு அஞ்சு நிமிஷம்தான், அவங்க பாத்துட்டுப் போனப்பறம் வெச்சுக்க. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன், கேளு.”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷம் எடுத்து வைத்தால் என் வாழ்க்கை ஒரு பக்கம் போகும். வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார். பெரிய மிஸ்ஸி தன் மகளைப் பார்க்கிறதைப் பார்க்க வேண்டும் என்று வெட்டுக்காட்டிலிருந்து வந்திருந்தார். அலமாரி மேல் இருக்கிற சப்பாத்து எனக்கு ஞாபகம் வந்தது. அதே நேரம் குண்டுவைப் பார்த்தேன். துணியை வாயில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். அவன் மூச்சுப் பிடித்து நீலமாகப் போனதை நான் இரண்டு மணி நேரம் பார்த்திருந்தேன்.

“நான் எடுக்கல டிரெசர்” என்றேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேலிடத்திலிருந்து ஆள் வருகிற நாளெல்லாம் நமக்கு இந்தச் சோதனைதான். சுவரில் படம் ஒட்டுகிறோம், பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை போடுகிறோம், அதெல்லாம் இருக்கட்டும். வருகிறவர் கண்ணுக்காகப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கிற இடம் வந்தால் மட்டும் நின்றுவிடுங்கள். நஷ்டம் வந்தால் வரட்டும்.

பெரிய மிஸ்ஸி ஒரு சீன அம்மா. கண்ணாடி போட்டு, கஞ்சி போட்ட உடுப்பில் வந்தார். முதல் தொட்டிலிலேயே நின்றுவிட்டார். கந்தலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “இது என்ன?” என்று மலாயில் கேட்டார். பதில் சொல்வதற்குள் அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே முகத்தைச் சுளித்து, கையைத் துழாவி, அழ ஆரம்பித்தது.

“பாவ் மாக்” என்றேன். அம்மா வாடை என்று அர்த்தம். மலாயில் வேறு எதுவும் அந்த நேரம் எனக்கு வரவில்லை.

அவர் துணியை இருந்த இடத்திலேயே வைத்தார். பிள்ளை அடங்கியது. அப்புறம் சப்பாத்துச் சத்தம் கேட்காமல் குதிகாலைத் தூக்கிக்கொண்டு, தொட்டில் தொட்டிலாக ஒரு சுற்று நடந்தார். துணிகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வெயிலில் காயவைத்து, அப்புறம் வாடை ஏறுவதற்குத் தாய்மாரிடம் ஒருநாள் கொடுத்து வாங்கிக்கொள் என்று எனக்குச் சொன்னார். வெளியே போய் டிரெசரிடம், “இந்தப் பெண்ணை அனுப்பு” என்றார்.

அவ்வளவுதான், கிடைத்துவிட்டது. டிரெசர் என் தலையில் கைவைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். வேலிப் பக்கம் பார்த்தேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், வெயிலே விழாத மரநிழலில்.

நீங்கள் எல்லாரும் இந்த இடத்தில் நான் மிஸ்ஸியாகப் போயிருப்பேன் என்றுதான் நினைப்பீர்கள். கார் போன பிறகு நான் கொட்டாய்க்குள் வந்து தரையில் உட்கார்ந்தேன். எல்லாம் தூங்குகின்றன. அந்த அமைதியில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு சந்தோஷம் அதுவரை எனக்கு வந்ததில்லை. பாஸ் பண்ணினேன் என்று தெரிந்த அன்றுகூட வரவில்லை. பெரிய மிஸ்ஸி அனுப்பு என்றாரே, அப்போதும் வரவில்லை. நான் இந்த வேலைக்குத்தான் பிறந்தவள் என்று யாரோ சொன்னதுபோல் எல்லாம் இல்லை. எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கப் பிடித்திருந்தது. மறுநாளும் வந்து உட்கார வேண்டும்போல் இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா வெள்ளைச் சப்பாத்தை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு, சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“அப்பா, நான் போவல” என்றேன்.

அவர் கை நின்றது. “பயமா பாப்பா?”

“இல்லப்பா.”

“யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு இங்க புடிச்சிருக்கு.”

“இங்கன்னா? கொட்டாயா?”

“ஆமாப்பா.”

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கும் அவர் கோபம்தானே. அவர் சப்பாத்தைக் கீழே வைத்தார். வெள்ளையாக இருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே, “சாயாங்லா” என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

சப்பாத்தை வீணாக்குவானேன் என்று நான் அதைக் கொட்டாய்க்கே போட்டுக்கொண்டு போனேன். செம்மண்ணில் ஒரே வாரத்தில் பழுப்பாகிவிட்டது. அதைப் பார்த்தும் அப்பா “சாயாங்லா” என்றார். அதற்குப் பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. பால் நிறுக்கிற ஸ்டோரிலிருந்து எங்கள் லயத்து வீட்டுக்கு நேர்வழி இருக்கிறது. அப்பா அதை விட்டுவிட்டு, காலி வாளிகளைத் தூக்கிக்கொண்டு கொட்டாய்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவார். சுவருக்கு வெளியே நிற்பார். உள்ளே என்னைப் பார்ப்பார். “சாயாங்லா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

“இன்னும் எத்தன நாளைக்குப்பா இதையே சொல்லுவீங்க?” என்று ஒருநாள் சத்தமாகவே கேட்டுவிட்டேன். வாளிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் வந்தார். மறுநாளும் சொன்னார்.

அவர் மட்டுமா? கல்யாண வீட்டில், கோயிலில், பஸ்ஸில், “மிஸ்ஸியா போயிருக்க வேண்டிய புள்ள” என்று ஒருவராவது சொல்வார்கள். இன்னும் சிலர் என்னைத் தியாகியாக்கிவிட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாளாம். இதைக் கேட்டால்தான் எனக்கு ரொம்பக் கோபம் வரும். நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பிடித்ததை எடுத்துக்கொண்டேன். ஆசைப்பட்டு மீன்குழம்பைச் சாப்பிடுகிறவளைப் பார்த்து, பாவம் கோழியை விட்டுக்கொடுத்தாள் என்று சொல்வார்களா?

ஆனால் உங்களிடம் மறைக்க மாட்டேன், பொறாமை வந்த நாள் உண்டு. என்னோடு படித்த ஒருத்தி மிஸ்ஸியாகிவிட்டாள். குருண் பஸ் நிலையத்தில் அவளை வெள்ளை உடுப்பில் பார்த்தேன். நான் வயிற்றுப்போக்கு வந்த குண்டுவை டாக்டரிடம் காட்டிவிட்டு, அவனைத் துடைத்துவிட்ட சேலையோடு நிற்கிறேன். அவள் நன்றாகத்தான் பேசினாள். வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் கொட்டாய்க்குப் போனதும் அது போய்விட்டது. அப்புறம் எப்போதாவது திரும்ப வரும், வந்துவிட்டுப் போகும். பொறாமை வந்துவிட்டது என்பதற்காக வேலையை விட்டுவிட வேண்டும் என்று இல்லை. தலைவலி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தால் சரியாகிவிடும்.

கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். தோட்டம் கைமாறி லயங்களை உடைத்தார்கள். நாங்கள் அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் வீடு எடுத்துக்கொண்டு வந்தோம், அப்பாவும் எங்களோடு வந்தார். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஜித்ராவில் இந்தத் தாஸ்காவை ஆரம்பித்தபோது, வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். தினமும் காலையில் பஸ் ஏறுவேன். வாசலில் உட்கார்ந்திருக்கிற அப்பா, நான் படியிறங்கும்போது “சாயாங்லா” என்பார். பதில் சொல்வதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். சின்னப் பெண்ணாக ஒரு மலாய் நர்ஸ், வெள்ளை உடுப்பு, வெள்ளைச் சப்பாத்து, கட்டிலோரம் வந்து தலையணையைச் சரிசெய்தாள். அப்பா அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தாஸ்காவிலிருந்து நேராக வந்திருந்தேன், தோளில் ஏதோ ஒரு பிள்ளை கக்கிய கறை காய்ந்திருந்தது.

“சாயாங்லா” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நர்ஸைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சொல்கிறாரே என்று மனசு விட்டுப்போயிற்று. “இன்னுமாப்பா?” என்று கேட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒரு சொல் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. சிரித்துக்கொண்டே என்னிடம், “உங்க அப்பாவுக்கு உங்க மேல ரொம்ப சாயாங் போல இருக்கு” என்று மலாயில் சொன்னாள்.

“அந்த சாயாங் இல்லை” என்றேன். “நான் உங்களைப்போல் நர்ஸாகியிருக்க வேண்டியவள், வீணாகப் போய்விட்டேன். அந்த சாயாங்.”

அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பாவிடம் குனிந்து, “சாயாங் யாங் மானா, பாக்சிக்?” என்று கேட்டாள். எந்த சாயாங், மாமா? இத்தனை வருஷத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. நான் கேட்டதில்லை.

அப்பா அவளிடமிருந்து முகத்தைத் திருப்பினார். என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

“மொதல்ல அந்த சாயாங்கு. வருத்தந்தான், இல்லன்னு சொல்லல. பெறவு இந்த சாயாங்கு.”

“எப்பலேருந்துப்பா?”

“எப்பன்னு யாரு கண்டா. அந்தச் சப்பாத்து பழுப்பாவறதுக்குள்ள மாறிப்போச்சு. தொட்டிக் கயித்தக் கால் கட்டவெரல்ல கட்டி ஆட்டிக்கிட்டு, மடியில ஒண்ணப் போட்டுக்கிட்டு, நீயும் தூங்கிக்கிட்டு இருப்ப. மொகம் அவ்ளோ நல்லாருக்கும். அதப் பாக்கத்தான பாப்பா, நேர்வழிய விட்டுட்டு தெனமும் சுத்திக்கிட்டு வருவேன்.”

“சொல்லியிருக்கலாம்லப்பா?”

அப்பாவுக்கு நான் கேட்டது புரியவில்லை. என் தோளில் இருந்த கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“தெனமும் சொன்னேனே” என்றார். “நீதான் கோச்சுக்குவ.”

அந்த நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அழுததைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல பெண். அப்பா அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து, கோல் ஊன்றி நடந்து, சில வருஷம் இருந்தார். காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது “சாயாங்லா” என்பார். நானும் திருப்பிச் சொல்லிவிட்டுப் போவேன்.

வேலையைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, பிள்ளைகளே. அவர் தினமும் கொடுத்ததை இத்தனை வருஷம் நான் வசவு என்று நினைத்துக்கொண்டு போனேனே, அது ஒன்றுதான் இன்னும் வலிக்கிறது.

திங்கட்கிழமை நீங்கள் வேலைக்குப் போகும்போது அலமாரியின் மேல்தட்டைப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் அம்மா போட்டுக் கழற்றிய சட்டை ஒன்று இருக்கும். மேலிடத்து ஆள் வந்தாலும் அதை எடுக்காதீர்கள். அப்புறம், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளே, வாயில் கேக் இருந்ததால் அன்றைக்கு உன்னைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நீ சொன்னது எந்த சாயாங்?